பவுடர் பூசிய இன்ஜின்

கார் இன்ஜினுக்கு முகப்பவுடர் போட்ட ஒரே ஒரு ஆளைத்தான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அவள் என் மனைவி சுலோச்சனா.

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசல். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. வேப்பம்பூ உதிர்கிற நாட்கள் என்பது நினைவிருக்கிறது, வருஷம் நினைவில்லை. எண்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக் காரின் பானெட் திறந்து கிடந்தது. எங்கள் மகள் மலருடைய பவுடர் டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்து, இன்ஜின் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தாள் சுலோச்சனா. வெயிலில் வெள்ளையாக ஒரு புகை எழும்பி, அவள் புருவத்திலும் மூக்கு நுனியிலும் படிந்தது. காற்றில்லாத காலை. பவுடர் கீழே இறங்கவே மனமில்லாததுபோல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. வேப்பம்பூ வாசனையும் குழந்தை வாசனையும் கலந்து வந்தன. தூரத்தில் ஒரு மின்சார ரயில் போய்க்கொண்டே இருந்தது.

நான் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமாக உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வதே சரி. ஆவடித் தொழிற்சாலையில் ராணுவ டாங்கிகளுக்கு இன்ஜின் பூட்டுகிறவன் நான். என் கண்முன்னால் ஒரு இன்ஜினுக்குக் குழந்தைப் பவுடர்!

"என்ன, பொண்ணு பாக்க வர்றாங்களா? இந்த அலங்காரம் பண்றே?"

"பேசாம இருங்க. எங்கேருந்து ஒழுகுதுன்னு அதுவே காட்டும்."

காட்டியது. ஆனால் அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நேராக எதையும் சொல்லத் தெரியாதவன் நான் என்பது இத்தனை வாரமாக இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மச்சானின் கார்

அந்தக் கார் சுலோச்சனாவின் அண்ணன் தேவராஜுடையது. போளூரில் வாடகைக்கு ஓட்டினார். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டதால் தங்கையை வளர்த்தது அவர்தான். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "என் பின் சீட்ல முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஒரு கல்யாணப் பொண்ணு உக்காருது மாப்ளே, எனக்கெதுக்கு தனியா ஒண்ணு?" என்று சிரிப்பார்.

சட்டைக் காலருக்குள் எப்போதும் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். பள்ளிக்கூடத்தில் தையல் கற்றுக்கொண்டபோது சுலோச்சனா தைத்துக் கொடுத்தது. ஓரத்தில் சிவப்பு நூலால் 'தே' என்று எழுத்து.

மலர் வயிற்றில் இருந்தபோது வளைகாப்பு முடிந்து போளூருக்கு அழைத்துப் போனதும் இந்தக் காரில்தான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் காருக்குள் எப்போதும் ஒரு எண்ணெய்ப் புகை வாசனை சுற்றிக்கொண்டிருக்கும். மாசமாக இருந்தவளுக்குப் பூந்தமல்லி போய்ச் சேர்வதற்குள்ளேயே குமட்டல். காஞ்சிபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, துண்டை விரித்துப் படுக்க வைத்தாராம். 'தூங்கி எழுந்து ஏறியதும் எல்லாம் சரியாகிவிட்டது, போளூர்வரை சுகமாக வந்தேன்' என்று கடிதம் போட்டிருந்தாள்.

அதே கடிதத்தில் ஒரு புகாரும் இருந்தது. அண்ணன் கைக்குட்டையைத் தொலைத்துவிட்டாராம். எங்கே என்று கேட்டால் சிரிக்கிறாராம். 'நான் தைத்துக் கொடுத்ததைக்கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை' என்று இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

மலருக்கு இரண்டு வயதானபோது மச்சான் காமாலையில் போய்விட்டார். கார் எங்களிடம் வந்தது.

மத்தியானங்களில் சுலோச்சனா அந்தக் காரின் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவாள். குவார்ட்டர்ஸ் மொத்தமும் உறங்குகிற நேரம். வேப்பமர நிழல் கண்ணாடியில் மெல்ல அசையும். ஸ்டியரிங் பக்கம் யாரோ இருப்பதுபோல அவள் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொல்வதையும் பார்த்திருக்கிறேன். பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

பதினைந்து நாள்

கார் ஒழுகும். மச்சான் காலத்திலேயே, கடைசி இரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. டிக்கியில் ஒரு எண்ணெய் டின் வைத்திருப்பார், குறையக் குறைய ஊற்றுவார். "வயசாச்சுன்னா அப்டித்தான்" என்பார். நாங்களும் ஊற்றினோம்.

சனி பிடித்தது, எங்கள் வீதிக்குப் புதிதாக சிமென்ட் போட்டபோது. வெள்ளை வெளேரென்ற ரோட்டில் எங்கள் காருக்கு அடியில் மட்டும் கறுப்புக் குளம். ஒரு தூறல் நாளில் எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் அதில் வழுக்கி, முழங்கை சிராய்த்தது. மறுநாளே குவார்ட்டர்ஸ் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. பதினைந்து நாளுக்குள் எண்ணெய் ஒழுக்கை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வாகனத்தை வளாகத்தை விட்டு அகற்ற வேண்டும்.

அகற்றி எங்கே கொண்டுபோவது? மோப்பம் பிடித்ததுபோல் குமணன்சாவடியிலிருந்து பழைய வண்டி உடைக்கிற ஒருவர் வந்து, காரை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? குட்த்துடு. நானே வந்து இட்டுகினு போறேன்."

சுலோச்சனா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் போன பிறகு வந்து சொன்னாள்.

"அண்ணனுக்கு வீடு இல்ல, பிள்ள இல்ல, ஒரு நல்ல போட்டோகூட இல்ல. இதையும் உடைச்சுட்டா அவரு இருந்ததுக்கு என்னங்க அடையாளம்?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்களில் அதுவும் ஒன்று, அப்போது அது எனக்கே தெரியாது.

இறுக்கினால் நிற்கும்

எங்கள் தொழிற்சாலையில் ஒழுக்கு என்றால் ஒரே வைத்தியம்தான். இறுக்கு. அங்கே இருக்கிற போல்ட்டுகள் மணிக்கட்டுத் தடிமன். ஆள் உயரத்துக்கு ஸ்பேனர். இரண்டு பேர் தொங்கி இறுக்குவோம். இருபது வருஷம் அப்படி இறுக்கிய கைக்கு வேறு பழக்கம் தெரியாது.

எண்ணெய் கீழே சொட்டுகிறது. அடியில் இருப்பது எண்ணெய் தங்குகிற தொட்டி, சம்ப் என்பார்கள். ஆகவே ஒழுகுவது சம்ப். இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது என்று காருக்கு அடியில் புகுந்தேன். என்னோடு வேலை பார்த்த தாமோதரனும் உதவிக்கு வந்தார். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர், கை ஒவ்வொன்றும் உலக்கை. ஸ்பேனர் பிடி நீளம் போதாதென்று அதில் ஒரு இரும்புக் குழாயைச் செருகினார்.

"இன்னும் கால் சுத்து கீது அண்ணாத்தே. உடாத!"

விடவில்லை. சம்பைச் சுற்றியிருந்த அத்தனை போல்ட்டையும் கழுத்தை நெரிப்பதுபோல நெரித்தோம். எழுந்து வந்து டீ குடித்தோம். நாட்டைக் காப்பாற்றிய திருப்தி.

மறுநாள் காலை சுலோச்சனா காருக்கு அடியில் விரித்து வைத்த பழைய செய்தித்தாளை உருவி எடுத்தாள். அது அவள் ஏற்பாடு. ராத்திரி தாளை விரித்து, சக்கரம் இருக்கிற இடத்தைப் பென்சிலால் குறித்து வைப்பாள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது, எவ்வளவு பெரிதாகப் பரவியிருக்கிறது என்று கோலப்புள்ளி எண்ணுவதுபோல் குனிந்து பார்ப்பாள். அன்றைக்குப் புள்ளிகளே இல்லை. தாள் முழுக்க ஒரே கறுப்பு.

நான் ரகசியமாகக் கீழே போய்ப் பார்த்தேன். தகரத்தாலான சம்பின் விளிம்பு, போல்ட் இருந்த இடமெல்லாம் உள்ளே குழிந்து, நடுவில் மேடிட்டு, அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. எண்ணெய் கசியாமலிருக்க இடையில் வைத்த கார்க் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கி வெளியே எட்டிப் பார்த்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இறுக்கினது செட் ஆக ரெண்டு நாள் ஆகும்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

வெள்ளையில் ஒரு கோடு

அதற்குப் பிறகுதான் பவுடர்.

முந்தின நாளே மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து இன்ஜினைத் தேய்த்துக் கழுவி, சோப்புத் தண்ணீர் விட்டு, வெயிலில் காய வைத்திருந்தாள். பவுடர் அபிஷேகம் முடிந்ததும், "ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றாள். பருத்திப்பட்டு ஏரிவரை போனோம். ஏரியில் தண்ணீர் நிறைந்து வெயிலைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்று எங்களைக் கவனித்தது. மலர் பின்சீட்டில் தூங்கிப்போனாள். அந்தப் பத்து நிமிஷம் ஒழுக்கு, தாள், பதினைந்து நாள் எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

திரும்பி வந்து பானெட்டைத் தூக்கினோம். வெள்ளை இன்ஜின் மேல், மை போட்டு இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. அது தொடங்கிய இடம், இன்ஜினின் உச்சியை மூடியிருக்கிற டேப்பட் கவரின் பின்மூலை. அங்கிருந்து வளைந்து இறங்கி, சம்பின் விளிம்பைத் தொட்டு, பிறகுதான் தரையில் சொட்டியிருக்கிறது.

"மேலேருந்து வருது. நீங்க கீழ இறுக்கியிருக்கீங்க."

பாவம் அந்த சம்ப். செய்யாத தப்புக்கு அடி வாங்கியிருக்கிறது.

டேப்பட் கவருக்குப் புது பேக்கிங் வாங்கிப் போட்டேன். அங்கே நின்றது. மறுநாள் பக்கவாட்டு மூடியில் கசிந்தது. அதை அடைத்தேன். முன்பக்கம் கப்பி இருக்கிற இடத்தில் கிளம்பியது. பவுடர் டப்பா இரண்டு காலியானது. இன்ஜினுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு, நான் கதவைச் சாத்தச் சாத்த வேறு கதவைத் திறந்து விடுவதுபோல் இருந்தது.

பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது.

"பூந்தமல்லியில யூசுப்னு ஒருத்தரு பேக்கிங் வெட்டறாராம், இன்ஜின் வேலையும் நல்லா பாப்பாராம்" என்றாள் சுலோச்சனா.

"டாங்கிக்கு இன்ஜின் பூட்டுறவன், ரோட்டோரப் பட்டறைக்கு வண்டியத் தள்ளிட்டுப் போறதா? நாளைக்கு ஃபாக்டரியில தலை காட்ட முடியுமா?"

"உங்க தலை முக்கியமா, அண்ணன் வண்டி முக்கியமா?"

கேட்டுவிட்டு அழுதாள். மச்சான் இறந்தபோதுகூட அவள் என் முன்னால் அப்படி அழுததில்லை. மறுநாள் லீவு போட்டேன்.

யூசுப் பட்டறை

பூந்தமல்லியில் ஒரு சந்துக்குள், தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்தது பட்டறை. யூசுப்புக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கார்க் தகட்டை ஒரு மூடியின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் விளிம்பை ஒட்டித் தட்டிக்கொண்டே போனார். தட்டத் தட்ட பேக்கிங் தானாகவே வெட்டுப்பட்டு விழுந்தது. டக், டக், டக் என்று ஒரே தாளம். மரத்திலிருந்து இளஞ்சிவப்புப் பூக்கள் அந்தச் சத்தத்துக்கு உதிர்வதுபோல் உதிர்ந்தன. கேட்டுக்கொண்டே இருந்தால் கண் சொக்கியது.

எழுந்து வந்து, காருக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்தார். உடனே வெளியே வந்தார்.

"சாரு டாங்கி ஃபாக்டரியா?"

"எப்படித் தெரியும்?"

"இந்த சம்பு சொல்லுது சார். ஆவடிலேருந்து வர்ற வண்டி அத்தினியும் இப்டித்தான் வருது. கார்க்கு பிஸ்கோத்து மாதிரி சார். வெரலால முடுக்கிட்டு, அப்பால அரை சுத்து உட்டா போதும். நீங்க டாங்கின்னு நென்ச்சு முடுக்கிக்கீறீங்க."

சுலோச்சனா என் பக்கம் திரும்பினாள். நான் மரத்தைப் பார்த்தேன். மிக அழகான மரம்.

யூசுப் இன்ஜினை ஓடவிடச் சொன்னார். எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கழற்றிவிட்டு, அந்த வாயின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க கைய வெச்சுப் பாருங்க சார்."

வைத்தேன். உள்ளேயிருந்து சூடான காற்று என் கையைத் தள்ளியது. யாரோ வாயால் ஊதி ஊதித் தள்ளுவதுபோல.

"வண்டிக்கு மூச்சு முட்டுது சார். உள்ள பொக போவ வழி இல்ல. அதான் எண்ணெய எங்க சந்து கீதோ அங்கெல்லாம் புடிச்சு வெளிய தள்ளுது. நீங்க ஒண்ண அட்ச்சா அது வேற எடம் தேடிக்கும்."

எனக்கு உச்சந்தலைவரை சுட்டது. எந்த இன்ஜினுக்கும் மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. எண்ணெய்ப் புகையை வெளியே விடுகிற பிரீதர். டாங்கியில் தினமும் நானே அதைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுகிறேன். இந்தக் காரில் அதை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சிவப்பு நூல்

இன்ஜினின் பக்கவாட்டில் கீழ்நோக்கி இறங்கிய ஒரு குழாய். யூசுப் சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றை வளைத்து, அதற்குள் விட்டுக் கொக்கி போட்டார். முதலில் வரவில்லை. திருகித் திருகி இழுத்ததும் பொதக்கென்று ஒரு கறுப்புத் துணி வெளியே வந்து விழுந்தது. கூடவே குழாயிலிருந்து நீலமாக ஒரு புகை. இன்ஜின் சத்தமே மாறிவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது.

"எவன்மா இந்த வேலயப் பண்ணது? துணிய வெச்சு அட்ச்சுக்கீறான்!"

"மெக்கானிக் யாராவது மறந்து வெச்சிருப்பான்" என்றேன்.

"மறந்து வெச்சது இல்ல சார். மட்ச்சு, உருட்டி, நல்லா உள்ள தள்ளி வெச்சது. பொக வண்டிக்குள்ள வருதுன்னு சில டிரைவருங்க இப்டி பண்ணுவாங்க. வாசன போயிடும். ஆனா வண்டி ஒழுவும்."

சுலோச்சனா குனிந்து அந்தத் துணியை எடுத்தாள். பக்கத்தில் உதிரிகள் கழுவுகிற மண்ணெண்ணெய்த் தட்டு இருந்தது. அதில் போட்டு அலசினாள். யூசுப் தடுக்கப் போனார், நான் கையைக் காட்டினேன். கறுப்பு கரைந்து கரைந்து போயிற்று. துணியின் நிறம் தெரியவில்லை. ஆனால் ஓரத்தில் நூலின் சிவப்பு தெரிந்தது. 'தே'.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புளியமரத்தடியில..." என்றாள். "நான் தூங்கி எழுந்தப்ப அண்ணன் கையெல்லாம் கரி. என்னண்ணான்னு கேட்டேன். தண்ணி ஊத்தினேன்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தாங்க நாத்தமே வரல. எனக்குப் பழகிப்போச்சுன்னு நெனச்சேன்."

பூ ஒன்று அவள் தோளில் விழுந்தது.

"ரெண்டு நாளு பேசாம இருந்தேனே. தொலைச்சிட்டேன்னு திட்டினேனே. சிரிச்சுக்கிட்டே இருந்தாரே பாவி."

அந்தத் துணியை அவர் பிறகு ஏன் எடுக்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மறந்தாரோ, தங்கை திரும்ப ஏறுவாள் என்று விட்டு வைத்தாரோ. மலர் பிறந்த பிறகு தாயையும் பிள்ளையையும் ஆவடியில் கொண்டுவந்து விட்டதும் அவர்தான். வண்டி ஒழுகியது அவருக்குத் தெரியும். ஏன் ஒழுகியது என்று தெரிந்திருக்குமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

யூசுப் சம்பைக் கழற்றி, ஒரு தண்டவாளத் துண்டின் மேல் வைத்து விளிம்பைத் தட்டி நேராக்கினார். புது பேக்கிங்குகள் வெட்டினார். போல்ட்டை முடுக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். விரலால் முடுக்கி, அரைச் சுற்று. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாக ஒரு போல்ட்டை நான் முடுக்கியதில்லை. கை தானாக இன்னும் கொஞ்சம் போகப் பார்த்தது, நிறுத்திக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் சொன்னார்.

"இனிமே ஒழுவாது சார். ஆனா பொக வாசன உள்ள வரும். ஞாயித்துக்கெயம வாங்க, ரப்பர் ஓஸ் ஒண்ணு மாட்டி பொகய பின்னாடி உட்டுர்றேன். அம்மாவுக்கு கஷ்டமா இருக்காது."

கண்ணாடி

மூன்று காலைகள் செய்தித்தாள் சுத்தமாக இருந்தது. அலுவலகத்து ஆள் வந்து குனிந்து பார்த்து, தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். கார் இருக்கலாம் என்று ஆயிற்று. எதிர்வீட்டுக்காரர்கூட வந்து என் கையைக் குலுக்கினார். எனக்கு எந்தப் பங்கும் இல்லாத வெற்றியை நான் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

நாலாவது நாளும் சுலோச்சனா தாளை உருவிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. மடித்து வைத்துவிட்டு, அதன்பிறகு விரிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓஸ் மாட்டப் புறப்பட்டோம். மலர் பின்சீட்டில். பருத்திப்பட்டு தாண்டியதும் அந்த வாசனை வந்தது. சூடான எண்ணெயும் புகையும் கலந்த, லேசாகத் தொண்டையைப் பிடிக்கிற வாசனை. எனக்கே மறந்துபோயிருந்தது. மச்சான் ஒவ்வொரு முறை எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதும் அவர் சட்டையில் வந்த வாசனை.

அவளுக்குக் குமட்டுமே என்று நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"வேணாம், ஏத்துங்க" என்றாள்.

ஏற்றினேன். அவளும் தன் பக்கத்துக் கண்ணாடியை, அந்தப் பழைய கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, கடைசிவரை ஏற்றினாள். பின்னால் திரும்பி மலர் பக்கத்தையும் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். மேற்கே வெயில் தாழ்ந்து ரோடு முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. எதிரே வந்த லாரிகள் சத்தமில்லாமல் மிதந்து வருவதுபோல் இருந்தன.

குமணன்சாவடி சந்திப்பு வந்தது. யூசுப் பட்டறைக்குப் போக இங்கேதான் திரும்ப வேண்டும். வேகத்தைக் குறைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே சுலோச்சனா சொன்னாள்.

"திரும்ப வேணாங்க. நேராப் போங்க."

நான் நேராகப் போனேன்.